சிவப்பு விளக்கில் தெரியாத புள்ளி

1. வெள்ளைக் கோட்

இருபத்திரண்டு வருஷமாக பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். பெரிய ஹோட்டல், பப், கிளப், கல்யாண பார்ட்டி என்று எல்லா இடத்திலும் கிளாஸ் நிரப்பியிருக்கிறேன். ஆனால் வெள்ளைக் கோட் மாட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கவிட்டு வேலை பார்த்தது ஒரே இடத்தில்தான். இந்திரா நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த அந்த பாரை நாங்கள் 'கப்பல்' என்று சொல்லுவோம்.

இந்த மாதிரி பார் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அங்கே போய் சும்மா உட்கார்ந்து குடித்துவிட்டு வர முடியாது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால் ஒன்றரை மணி நேரம் ஒரு கதைக்குள் இருக்க வேண்டும். வாசலில் போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவோம். ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்போம். ஒருவர் சமையல்காரர், ஒருவர் ரேடியோ ஆபரேட்டர், ஒருவர் என்ஜின் ரூம் ஆள். வட்ட ஜன்னல்களுக்குப் பின்னால் திரையில் கடல் ஓடும். தரைக்கு அடியில் மோட்டார் வைத்திருந்ததால் கால் லேசாக அதிரும். எதிரிக் கப்பல், புயல், கரை என்று கதை போகும். நடுவில் மூன்று காக்டெயில். அந்த மூன்றையும் கொடுப்பது கப்பலின் டாக்டர்.

அந்த டாக்டர் நான்.

முதல் நாள் ஓனர் கிரண் கோட்டை என் கையில் கொடுத்தார். அவருக்கு முப்பத்து நான்கு வயது இருக்கும். நாடகத்தில் பைத்தியம். வீட்டில் கன்னடம், அம்மா ஓசூர்க்காரர் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார்.

"அக்கா, இங்க நீங்க பார்டெண்டர் இல்ல. டாக்டர். கஸ்டமர் வந்து ட்ரிங்க் கேட்க மாட்டாங்க. உடம்புக்கு என்னன்னு நீங்கதான் கேட்கணும்."

"கேட்டா என்ன சொல்லுவாங்க சார்?"

"எதாவது சொல்லுவாங்க. தூக்கம் வரல, ஆபீஸ்ல அப்ரைசல் சரியில்ல, ஹவுஸ் ஓனர் தொல்லை. எதுவா இருந்தாலும் நீங்க தலையாட்டிட்டு மருந்து கொடுக்கணும். சிரிக்கக் கூடாது."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த வயதில் வேஷம் கட்டுவதா என்று கூச்சமாக இருந்தது. முதல் ஷோவில் ஒரு பெண் வந்து, "டாக்டர், எனக்கு மூணு நாளா மனசே சரியில்ல" என்றாள். பழக்க தோஷம், "ஐஸ் போடவா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். திரைக்குப் பின்னால் நின்ற கிரண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மர்பி டவுனில் வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் அருள் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டன்ட். "இருவது வருஷமா நான் அந்த கோட்டப் போடறேன் ஸ்டெல்லா. என்னை ஒருத்தனும் டாக்டர்னு சொன்னதில்ல" என்றார்.

ஒரு மாதத்தில் கூச்சம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், பிடிக்கவே ஆரம்பித்துவிட்டது. சாதாரண பாரில் நாலாவது பெக்கில் சொல்வதை இங்கே வந்து நின்றதுமே சொல்லிவிடுவார்கள். விளையாட்டாகத்தான் சொல்லுவார்கள். ஆனால் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் எது விளையாட்டு, எது இல்லை என்று தெரிந்துவிடும்.

2. பாட்டில்

ஒரு ஷோவுக்கு இருபது, இருபத்து நாலு பேர். நான் ஒருத்தி. ஆளுக்கு ஆள் ஷேக்கர் குலுக்கிக் கொடுக்க நேரம் கிடையாது. அதனால் மத்தியானமே எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே பேட்ச்சாகக் கலந்து, குளிரவைத்து, சின்னச் சின்ன பிரவுன் கலர் மருந்து பாட்டில்களில் அடைத்துவிடுவோம். கழுத்தில் கார்க். மேலே பழைய காகிதம் மாதிரி ஒரு லேபிள், அதில் 'கடல் காய்ச்சலுக்கு', 'தைரியத்துக்கு' என்று கையெழுத்தில் இருக்கும். கஸ்டமர்களுக்கு அந்த பாட்டில்தான் ரொம்பப் பிடித்தது. காலி பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

குடிக்காதவர்களும் வருவார்கள். அதை வெளிப்படையாகச் சொல்பவர்களுக்குத் தகர மக்கில் எலுமிச்சையும் இஞ்சியும் போட்ட ஒரு பானம் உண்டு. அதில் சிக்கல் இல்லை. ஆனால் எந்த பாரிலும் இன்னொரு வகை ஆட்கள் உண்டு. குடிக்க மாட்டார்கள், குடிக்காதது கூட இருப்பவர்களுக்குத் தெரியவும் கூடாது. கர்ப்பமாக இருப்பதை இன்னும் யாருக்கும் சொல்லாத பெண், மாத்திரை சாப்பிடுகிறவர், நேர்ந்துகொண்டு விரதம் இருப்பவர். அவர்களுக்காக ஒவ்வொரு காக்டெயிலுக்கும் ஆல்கஹால் இல்லாத ஒரு ஜோடி தயார் செய்வோம். அதற்கு எங்கள் பேச்சில் 'ஜீரோ' என்று பெயர். நிறம் அதே, வாசனை கிட்டத்தட்ட அதே. பாட்டிலும் அதே.

ஆரம்பத்திலேயே கிரணிடம் சொன்னேன். "சார், ஜீரோவுக்கு வேற பாட்டில் வெச்சுடலாம்."

"வேற பாட்டில்னா பக்கத்துல இருக்கவனுக்குத் தெரிஞ்சுடும் இல்ல அக்கா? தெரியக் கூடாதுன்னுதானே கேட்கறாங்க?"

அதிலும் நியாயம் இருந்தது. அப்போது நான் ஒரு வழி சொன்னேன். லேபிளின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுகிறேன், எனக்கு மட்டும் தெரியும் என்று. அவரும் ஒத்துக்கொண்டார். பையில் சிவப்புப் பேனா இருந்தது. சிவப்பில் வைத்தேன். வெள்ளை டியூப்லைட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. ஏழெட்டு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் போயிற்று.

3. ரேடியோ ஆபரேட்டர்

அது ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி ஷோ. ஒரு சாப்ட்வேர் கம்பெனி டீம் முழு ஷோவையும் புக் செய்திருந்தது. இருபது பேர், பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள். அவர்களுடைய மேனேஜர் பிரதீப் நல்ல உற்சாகமான மனிதர். உள்ளே வரும்போதே ஒவ்வொருவர் தோளையும் தட்டி, "இன்னிக்கு யாரும் லேப்டாப்பைப் பத்திப் பேசக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கப்பல் தொப்பி மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் மட்டும் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ரேடியோ ஆபரேட்டர் அட்டை. அவரை இங்கே சுந்தர் என்று சொல்கிறேன். அது அவர் பெயர் அல்ல.

"உடம்புக்கு என்ன?" என்று டாக்டர் குரலில் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மேடம், எனக்கு ஆல்கஹால் வேணாம். ஆனா வேணாம்னு சொன்னது அவங்களுக்குத் தெரியவும் வேணாம்."

"அதுக்கு வழி இருக்கு சார். பாக்கறதுக்கு எல்லார் மாதிரியேதான் இருக்கும். அலர்ஜி எதாவது உண்டா?"

"அலர்ஜி இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பதினாலு மாசம் ஆச்சு."

இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டி ஓட்டணும், ஆண்டிபயாடிக் எடுக்கறேன், காலைல ஃபிளைட். மாதக் கணக்கைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

முதல் ரவுண்டு என் ஜன்னலில். ஒவ்வொருவராக வந்து வியாதி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். சுந்தர் வந்தபோது புள்ளி வைத்த பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கண்ணாலேயே நன்றி சொன்னார். இரண்டாவது ரவுண்டு சாப்பாட்டு அறையில். நானே தட்டோடு போய் அவர் முன்னால் வைத்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ரேடியோவில் வந்த ரகசியச் செய்தியை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நன்றாக விளையாடினார்.

4. புயல்

மூன்றாவது ரவுண்டு என்ஜின் ரூமில், புயல் காட்சியில். அங்கே ஜன்னல் கிடையாது. ஒரு இரும்புத் தள்ளுவண்டியில் பாட்டில்களை அடுக்கி நானே தள்ளிக்கொண்டு போவேன். அன்று நாலு பேர் தகர மக் கேட்டிருந்தார்கள். மீதிப் பதினாறு பேருக்குப் பதினாறு பாட்டில், நாலுக்கு நாலாக. சுந்தருடைய பாட்டிலை என் பக்கத்து இடது மூலையில் வைத்தேன். பாட்டில்களை நிரப்பும் பின்னறையான பாண்ட்ரியில், வெள்ளை விளக்கில்தான் வைத்தேன். புள்ளியையும் பார்த்தேன்.

எங்கள் கேப்டன் முருகேஷ். திருவண்ணாமலைக்காரன். ஈஜிபுராவில் ரூம் எடுத்துத் தங்கி, பகலில் ஒரு கால் சென்டரிலும் சாயங்காலத்தில் எங்களிடமும் வேலை பார்த்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நல்ல நடிகன். புயல் வரும்போது அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் இருபது பேரும் சேர்ந்து சாய்வார்கள். அன்று ஒரு படி மேலே போய், கப்பல் ஆடுவதாகக் காட்ட என் தள்ளுவண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். எல்லோரும் கத்தினார்கள். வண்டி நின்றபோது நான் ஒரு பக்கம், நான் பிடித்திருந்த கைப்பிடி எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கைப்பிடி உள்ள வண்டி அது. திரும்பி நிற்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வாரம்வரை புயல் நீல வெளிச்சத்தில் நடந்தது. ஆபத்து என்றால் சிவப்புதான் சரி என்று கிரண் விளக்கை மாற்றியிருந்தார். நான் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். என் புள்ளியும் சிவப்பு என்பதை நினைக்கவே இல்லை.

இடது மூலை பாட்டிலை எடுத்தேன். லேபிளைப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் காகிதமே சிவப்பாக இருந்தது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. மூலையில் வைத்தது நான்தானே என்று அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். புயலைத் தாண்ட எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்தைக் குடிக்க வேண்டும் என்பது கதை. முருகேஷ் பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

"பத்து. ஒன்பது. எட்டு."

பிரதீப்புக்குப் பொறுமை இல்லை. முதலிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "டாக்டர், என் மருந்துல ஒண்ணுமே இல்லையே? வெறும் ஜூஸ் மாதிரி இருக்கு."

அந்த அறையில் ஜீரோ ஒன்றே ஒன்றுதான். அது பிரதீப் கையில் இருந்தால் சுந்தர் கையில் இருப்பது என்ன?

"கேப்டன், நிறுத்துங்க. எண்ணாதீங்க" என்று கத்தினேன்.

முருகேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் சந்தோஷம். நான் புதிதாக ஏதோ நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். "ஐயோ, டாக்டருக்கே காய்ச்சல் ஏறிடுச்சு. யாரும் அவங்க பேச்சைக் கேட்காதீங்க. அஞ்சு. நாலு."

எல்லோரும் சிரித்தார்கள். "நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். அந்த அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் அது கதைதான் என்று நாங்களே ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தோம். சுந்தர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர். எண்ணி முடிப்பதற்குள் என்னால் போய்ச் சேர முடியாது.

சுவரில், ஒரு பொய்க் குழாய்க்குப் பின்னால், சுத்தம் செய்யும்போது போடுகிற வெள்ளை விளக்கின் சுவிட்ச் இருந்தது. ஷோ நேரத்தில் அதைத் தொடவே கூடாது என்பது கிரணின் முதல் சட்டம். போட்டேன்.

கப்பல் காணாமல் போயிற்று. பெயிண்ட் அடித்த பிளைவுட், ஏ.சி. குழாய், டேப் ஒட்டிய ஒயர்கள், தொப்பி மாட்டிய இருபது பேர். எல்லோரும் கண் கூச நின்றார்கள். பாதிப் பேர் பாட்டிலை வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

சுந்தர் குடித்திருந்தார். ஒரு வாய். விழுங்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் லேசாக உப்பி, அசையாமல் நின்றார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் இல்லை. பக்கத்தில் அவர் டீம். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

கூட்டத்துக்குள் புகுந்து அவர் முழங்கையைப் பிடித்தேன். "வாங்க சார், இந்தப் பக்கம்" என்று சொல்லி பாண்ட்ரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைச் சாத்தியதும் ஸிங்கில் துப்பினார். குழாயைத் திறந்து வாயைக் கொப்புளித்தார். நிறுத்தவில்லை. கொப்புளித்துக்கொண்டே இருந்தார்.

5. பாண்ட்ரியும் பின்படிக்கட்டும்

அவர் குழாயை மூடும்வரை காத்திருந்தேன்.

"தப்பு என்னோடதுதான் சார். வேற பாட்டில் மாறிப் போச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸிங்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமா சார்."

"ருசி அப்படியே ஞாபகம் இருக்கு. ஒரு செகண்டுல தெரிஞ்சுது."

சிவப்பு விளக்கு, வண்டி திரும்பியது எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கான சமாதானம். அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு துண்டை எடுத்து நீட்டினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தருக்குப் போன் பண்ணணும்" என்றார். போன் வாசல் லாக்கரில் இருந்தது. ஷோ முடியாமல் லாக்கரைத் திறக்கக் கூடாது. ஓடிப்போய்த் திறந்து எடுத்து வந்தேன். பின்படிக்கட்டைக் காட்டிவிட்டு, நான் மேல்படியில் கதவருகே நின்றுகொண்டேன். அவர் நாலு படி இறங்கி உட்கார்ந்து பேசினார். மறுமுனையில் யார் என்று எனக்குத் தெரியாது. "ஆமா, துப்பிட்டேன்", "இல்ல, போகணும்னு தோணல", "இருக்கேன், இருக்கேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது. கீழே தெருவில் சோளம் சுடும் புகை வந்துகொண்டிருந்தது. இன்னும் முழுசாக இருட்டவில்லை.

உள்ளே முருகேஷ் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் போய் எல்லோர் முன்னாலும் நின்றேன்.

"மன்னிச்சுக்கோங்க. இந்த பேட்ச்ல எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துடுச்சு. எல்லா பாட்டிலையும் திருப்பி வாங்கிக்கறேன். ஒருத்தருக்கு லேசா ஒத்துக்கல. இப்ப நல்லா இருக்கார்."

"யாரு, சுந்தரா? என்ன ஆச்சு?" என்று பிரதீப் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. நிஜமாகவே பயந்திருந்தார்.

"காத்து வாங்கறார் சார். வந்துடுவார்."

பதினாறு பாட்டிலையும் வாங்கி ஸிங்கில் கொட்டினேன். ஒரு பாட்டிலை மட்டும் வாங்கினால் யாருடையது என்று தெரிந்துவிடும் அல்லவா.

கால் மணி நேரத்தில் சுந்தர் திரும்பி வந்தார். நான் தண்ணீர் நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, நேராக பிரதீப்பிடம் போனார். நான் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"பிரதீப், நான் குடிக்கறத நிறுத்திட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கு எனக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. அதான்."

பிரதீப் அவர் தோளில் கை வைத்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா பௌலிங் ஆலிக்குப் போயிருப்போமே சுந்தர்" என்றார்.

"சொல்ல முடியல."

"சரி விடு. வா, கீழ போய் காபி குடிக்கலாம்."

இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்களும் மெல்லப் பின்னால் இறங்கினார்கள். கப்பல் அன்று கரை சேரவில்லை.

6. கிரண் செய்த சோதனை

எல்லோரும் போனதும் கிரண் என்னைக் கூப்பிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"லைட்டப் போட்டுட்டீங்களே அக்கா. வேற வழியே இல்லையா? உள்ள எது நடந்தாலும் அது கதையாத்தான் தெரியணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"கதையாத் தெரிஞ்சதாலதான் சார் யாரும் நிறுத்தல."

"ஒரு வாய்தானே? துப்பிட்டார் இல்ல? அடுத்த ஷோ ஆளுங்க கீழ நிக்கறாங்க."

"அவருக்கு அது ஒரு வாய் இல்ல சார்." கோட் பட்டனைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். "தப்பு என்னோடது. அதுக்கு நீங்க என்ன செஞ்சாலும் சரி. ஆனா இந்த பாட்டிலோட அடுத்த ஷோவுக்கு நான் நிக்க மாட்டேன்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். கோட்டைக் கழற்றி மடித்துக்கூட வைத்துவிட்டேன். கிரண் நேராக பாண்ட்ரிக்குப் போனார். ஒன்பது சாதா பாட்டில், ஒரு ஜீரோ, மொத்தம் பத்து பாட்டிலைத் தட்டில் வைத்துக்கொண்டு என்ஜின் ரூமுக்குள் போய் வெள்ளை விளக்கை அணைத்தார். சிவப்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கார்க்கைத் திறந்து ருசி பார்த்தார். அது ஜின் கலந்தது. இன்னொன்று, அதுவும் ஜின். மூன்றாவதும் அப்படியே.

வெளியே வந்து, "ஆகலக்கா. தெரியவே இல்ல" என்றார்.

அடுத்த ஷோவில் எல்லோருக்கும் கண்ணெதிரே கலந்து, சாதா கிளாஸில் கொடுத்தோம். வரிசை நீண்டது, கதை இழுத்தது, இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். போகட்டும்.

வீட்டில் அருளிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "எங்க லேப்ல ஆசிடையும் தண்ணியையும் ஒரே பாட்டில்ல வெச்சா என்னை வேலைய விட்டே அனுப்பிடுவாங்க. கரண்ட் போனாலும் கைக்குத் தெரியற மாதிரி எதாவது செய்" என்றார். மறுநாள் அவரே சிவாஜி நகர் பக்கம் ஒரு பழைய பாட்டில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே பிரவுன், அதே அளவு. முன்பக்கம் வழுவழுப்பு, பின்பக்கம் மட்டும் வரிவரியாக மேடு. லேபிள் ஒட்டினால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பிடிக்கிற கைக்கு உடனே தெரியும். ஜீரோவுக்கென்று ஒரு மூட்டை வாங்கிவந்தோம்.

வேறு இரண்டு மாற்றமும் செய்தோம். ஜீரோ இனிமேல் தள்ளுவண்டியில் ஏறாது. என் கோட் பாக்கெட்டிலிருந்து நேராகக் கேட்டவர் கைக்குத்தான் போகும். இரண்டாவது முருகேஷ் சொன்னது. அன்று நடந்ததற்கு அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா, நீங்க கேப்டன்னு கூப்பிட்டா நான் நடிப்புன்னுதான் நினைப்பேன். முருகேஷ்னு கூப்பிடுங்க. அப்படிக் கூப்பிட்டா அந்த நிமிஷமே நிறுத்திடறேன்." அதன் பிறகு எங்கள் யாருடைய சொந்தப் பெயரை யார் சொன்னாலும் ஷோ நிற்கும் என்பது சட்டமானது. நான் இருந்தவரை மூன்று முறை அப்படி நின்றிருக்கிறது. ஒன்று மயக்கம், ஒன்று மூச்சுத் திணறல், ஒன்று ஒரு பெண்ணிடம் ஒருவன் அத்துமீறியது. மூன்று முறையும் கஸ்டமர் யாரும் குறை சொல்லவில்லை.

7. பிறகு

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தபோது சுந்தர் வந்தார். அந்த வழியாக வந்தாராம்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குத்தான் போனேன். அதுக்கப்புறமும் ஒண்ணும் இல்ல. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. புதுப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். பின்பக்கத்து வரிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"உங்க மேல கோபம் இன்னும் முழுசாப் போகல" என்றார். சண்டையாக இல்லை, ஒரு தகவலாகச் சொன்னார்.

"போக வேணாம் சார்."

"ஆனா ஒண்ணு. நீங்க லைட்டப் போடலன்னா நான் முழுங்கியிருப்பேன். அத்தன பேர் முன்னாடி துப்பறதுக்கு எனக்குத் தைரியம் இருந்திருக்காது. முழுங்கியிருந்தா அன்னிக்கு வீட்டுக்குப் போயிருப்பேனான்னு தெரியல."

இதை எழுதலாமா என்று கேட்டபோது, பேரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார்.

அந்த இடத்தை விட்டு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. இப்போது லிங்கராஜபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் பார் வேலை கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே ஷேக்கரைச் சுழற்றிக் காட்ட ஆசைப்படுகிறார்கள். நான் கவுண்டரில் பாட்டில்களை அடுக்கச் சொல்கிறேன். அவர்களாக யோசித்து, அவர்களாக அடையாளம் வைத்து அடுக்குவார்கள். ரொம்ப அழகாக இருக்கும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பின்னாலிருந்து இரண்டு பேரை இடிக்கச் சொல்லி, நான் கேட்பதை எடுத்துக் கொடுக்கச் சொல்லுவேன். பெரும்பாலும் முதல் தடவை தப்பாகத்தான் எடுப்பார்கள். சிரிப்பார்கள். இன்னொரு முறை அடுக்கச் சொல்லுவேன்.

நாம் வேலையை அடுக்கி வைப்பது மத்தியானத்தில், யாரும் இல்லாதபோது, நல்ல வெளிச்சத்தில். அது சரியாக இருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறோம். எந்த வெளிச்சத்தில், எந்தக் கூட்டத்தில் பரிமாறப் போகிறோமோ, அங்கே போய் நின்று ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதற்கு அன்று ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.